ஒரே படத்தை நம்பாதீர்கள்: காஸ்மிக் கதிர் பற்றிய கேள்விகளுக்குப் பதில்

ஊட்டியில் எங்கள் வானம் பார்க்கும் குழு கூடிய அன்று பார்த்து மூடுபனி. தொலைநோக்கியை உறையை விட்டே எடுக்கவில்லை. டிடெக்டர் எலக்ட்ரானிக்ஸில் பல வருடம் கிடந்தவன் என்பதால் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். பாக்டீரியா, பால்வெளி, ராசி பலன் எல்லாம் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் சொன்னேன்.

குன்னூர் கல்லூரி மாணவி: ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்கள் அவ்வளவு சுத்தமாக இருக்கின்றனவே சார், அங்கே காஸ்மிக் கதிர் விழாதா?

விழாமல் என்ன? காஸ்மிக் கதிர் என்பது விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் வேகமான துகள், பெரும்பாலும் புரோட்டான். நீ பார்ப்பது கழுவித் துடைத்த படம்மா. டிடெக்டரிலிருந்து வந்த கையோடு பார்த்தால் கறுப்புத் துணியில் உப்பைக் கொட்டியது போல இருக்கும்.

அந்த டிடெக்டர்தான் சிசிடி, ஒரு மெல்லிய சிலிக்கான் சில்லு. ஒளி பட்டால் எலக்ட்ரான் கிளம்பும், பிக்சல் அதைச் சேர்த்து வைக்கும். மங்கலான கேலக்ஸி ஒன்று அரை மணி நேரத்தில் ஒரு பிக்சலுக்குச் சில எலக்ட்ரான்தான் கொடுக்கும். வேகமான புரோட்டான் சிலிக்கானைத் துளைத்துப் போகும்போது ஒரு மைக்ரானுக்குச் சுமார் 80 எலக்ட்ரானைக் கிளப்பிவிடும். 15 மைக்ரான் தடிமனுக்குக் கணக்குப் போட்டுப் பார், ஆயிரத்தைத் தாண்டிவிடும். நேராக வந்தால் புள்ளி, சாய்ந்து வந்தால் கோடு. ஆடி வழியாகத்தான் வரவேண்டும் என்பதில்லை, பக்கவாட்டிலிருந்தும் வரும். அதனால் ஓரம் மங்காது. நட்சத்திரம் என்றால் ஒளி ஆடியில் பட்டு வருவதால் ஓரம் கொஞ்சம் பரவியிருக்கும்.

ஆனால் ஓரத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். நட்சத்திரம் எல்லாப் படத்திலும் இருக்கும், கதிர் ஒன்றில் மட்டும் இருக்கும். 1995 டிசம்பரில் ஹப்பிள் எடுத்த ஆழ்வெளிப் படம் 342 எக்ஸ்போஷர்களைச் சேர்த்துச் செய்தது. ஒரே படத்தை நம்பாதீர்கள். இதை இன்றைக்கு இன்னும் சில தடவை சொல்வேன்.

கூடலூர்: இருட்டில் போன் கேமராவில் வெள்ளைப் புள்ளி வந்தது. காஸ்மிக் கதிரா?

பெரும்பாலும் ஹாட் பிக்சல். லென்ஸை கறுப்பு டேப்பால் மூடிப் பத்துப் படம் எடுங்கள். புள்ளி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தால் சென்சாரின் கோளாறு. ஒரு படத்தில் வந்து அடுத்ததில் காணாமல் போனால் சந்தேகப்படலாம். கடல் மட்டத்திலேயே ஒரு சதுர சென்டிமீட்டரில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் (காஸ்மிக் கதிர் காற்றில் மோதும்போது உண்டாகும் துகள்) விழுகிறது, நம் உயரத்தில் இன்னும் கூடுதல். ஒரே படத்தை நம்பாதீர்கள்.

கோத்தகிரி, தேயிலைத் தொழிற்சாலை மெக்கானிக்: எக்ஸ்ரே அறைக்கு ஈயம் வைக்கிறார்கள். டிடெக்டரைச் சுற்றியும் ஈயம் வைத்தால் முடிந்ததே?

முடியாது அண்ணே. எக்ஸ்ரேயின் ஆற்றல் ஆயிரக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட். காஸ்மிக் புரோட்டானுக்கு 100 கோடி எலக்ட்ரான் வோல்ட் சர்வசாதாரணம். ஈயத்தின் அணுக்கருவில் மோதினால் அது நிற்காது, சிதறிச் சில்லுச் சில்லாகக் கிளம்பும். ஒன்றைத் தடுக்கப் போய்ப் பத்தை உள்ளே விட்ட கதை.

மாணவி: அப்படியென்றால் ஊட்டி பக்கம் முத்தோரை காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் அத்தனை கான்கிரீட் எதற்கு சார்?

நல்ல கேள்வி. அங்கே கிரேப்ஸ்-3 என்ற ஆய்வின் மியூவான் தொலைநோக்கிக்கு மேலே சுமார் இரண்டு மீட்டர் கான்கிரீட் இருக்கிறது. எலக்ட்ரான்களை வடிகட்டிவிட்டு, அதையும் தாண்டி வரும் மியூவானை 560 சதுர மீட்டர் பரப்பில் எண்ணுகிறார்கள். இரண்டு மீட்டர் கான்கிரீட்டையே தாண்டி வருகிறது என்றால், ராக்கெட்டில் ஏற்றும் ஈயம் எம்மாத்திரம்?

மெக்கானிக்: அப்போ கவசமே வேண்டாம் என்கிறீர்கள்!

அப்படிச் சொல்லவில்லை. (இங்கே மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் தண்ணீர்த் தொட்டி வைக்கலாம் என்றார். வறுக்கி தட்டு இரண்டு சுற்று வந்து போனது.) ஆற்றல் குறைந்த புரோட்டானுக்குக் கவசம் கட்டாயம் வேண்டும். அதில் அண்ணன் பக்கம் நியாயம் இருக்கிறது. சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கியைப் பாருங்கள். 1999 ஜூலையில் ஏவினார்கள். அதன் பாதை பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சுப் பட்டைகள் வழியாகப் போகும். டிடெக்டரைச் சுற்றிக் கவசம் கனமாகத்தான் இருந்தது. புரோட்டான்கள் வந்ததோ வாசல் வழியாக: எக்ஸ்ரேயைக் குவிக்கும் ஆடிகளே அவற்றையும் வழுக்கவிட்டு சிசிடி மீது சேர்த்துவிட்டன.

படத்தைப் படித்தெடுக்கும்போது மின்னூட்டம் பிக்சலுக்குப் பிக்சல் கைமாறும், தீயணைக்க வாளி கைமாற்றுவது போல. புரோட்டான் சிலிக்கான் படிகத்தில் அணுவை இடம்பெயர்த்துவிட்டால் அந்த இடம் எலக்ட்ரானைப் பிடித்து வைத்துத் தாமதமாக விடும். பத்து சிசிடிகளில் முன்பக்கம் ஒளி வாங்கும் எட்டும் பாதிக்கப்பட்டன. பின்பக்கம் வாங்கும் இரண்டும் தப்பின, அவற்றில் மின்னூட்டம் ஓடும் தடம் சிலிக்கானுக்குப் பின்னால் ஒளிந்திருந்ததால். அப்புறம் பட்டையைக் கடக்கும்போதெல்லாம் கருவியைக் குவியத்திலிருந்து நகர்த்தி வைத்துவிடுகிறார்கள்.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "வாசலுக்கும் ஒரு கதவு போட்டிருக்கலாம்" என்றார். எக்ஸ்ரே உள்ளே வர வேண்டுமே!

லவ்டேல்: என் போனிலும் புள்ளி...

கூடலூருக்குச் சொன்னதேதான்.

அருவங்காடு: ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி என்ன செய்கிறது?

அது 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, பூமியின் காந்தக் குடை அங்கே இல்லை. பதிலுக்கு ஒரு வசதி உண்டு: எக்ஸ்போஷர் முடியும்வரை காத்திருக்காமல், சேரச் சேரப் படித்துப் பார்க்கலாம். கொழுந்துக் கூடையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது மாதிரி. எடை சீராக ஏறும். திடீரென்று ஒரே தாவல் என்றால் யாரோ கல்லைப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தாவலை விட்டுவிட்டு முன்னும் பின்னும் உள்ள ஏற்றத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள்.

கேத்தி: நம் இந்தியாவின் விண்வெளித் தொலைநோக்கி ஆஸ்ட்ரோசாட்?

650 கிலோமீட்டர் உயரம், நிலநடுக்கோட்டுக்கு 6 டிகிரி சாய்வு. தென் அட்லாண்டிக்கின் மேல் கதிர்வீச்சு மிகுந்த பகுதி ஒன்று உண்டு, அதன் ஓரத்தை மட்டும் உரசிப் போகும். ஹப்பிளின் சாய்வு 28.5 டிகிரி, அதனால் உள்ளேயே நுழைகிறது. அந்த நேரத்தில் படம் எடுப்பதில்லை.

கொடைக்கானலிலிருந்து வந்த உறவினர்: எங்கள் ஊர் சூரிய ஆய்வகத்துக்கு எப்போது வரலாம்?

உங்கள் ஊர் ஆய்வகத்தை என்னிடம் கேட்டால் எப்படி? வாசலில் போய் விசாரியுங்கள்.

மஞ்சூர்: சார், இந்தப் போட்டோவில் மூலையில் ஒரு கோடு. காஸ்மிக் கதிர்தானே?

எத்தனை படம் எடுத்தீர்கள்?

ஒன்றுதான் சார்.

லென்ஸை மூடிவிட்டு இன்னொன்பது எடுத்துக்கொண்டு வாருங்கள்.