23ஆம் பெட்டி லாரியில் ஏறிவிட்டது

கேள்வி: தாம்பரத்திலிருந்து கோவைக்கு வீடு மாறி நான்கு மாதம் ஆகிறது. ஒரு பெட்டி வந்து சேரவில்லை. மாமியார் கொடுத்த பித்தளை, வெண்கலப் பாத்திரங்களும், அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் சுருட்டி வைத்த மூன்று பவுன் சங்கிலியும் அதில் இருந்தன. முதல் நாள் ராத்திரி சாமானைக் கட்டிவைத்துவிட்டு, சாவியை எதிர் வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு உறவினர் வீட்டில் படுத்தோம். பதினோரு வருஷம் கூடப்பிறந்தவள் மாதிரிப் பழகியவர். இப்போது போனை எடுப்பதில்லை. மனசு பொறுக்காமல் பழைய ஃபிளாட் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டேன். அவர் மேல் போலீஸில் புகார் கொடுக்கலாமா? கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லலாமா? லாரிக் கம்பெனி இருபதாயிரம் தருவதாகச் சொல்கிறது. அதை வாங்கலாமா?

பதில்: ஐந்து பக்கக் கடிதத்தில் நாலரைப் பக்கம் எதிர் வீட்டு அக்காதான். குழம்புக் கிண்ணம் கைமாறியது, அவர் மகள் கல்யாணத்துக்கு நீங்கள் ஓடி ஓடிச் செய்தது எல்லாம் படித்தேன். வழக்குக்கு அதில் ஒரு வரிகூட உதவாது. உதவுவது, கடைசியில் போனால் போகிறதென்று இணைத்திருக்கிறீர்களே, அந்த மஞ்சள் தாளின் படம்.

லாரிக்காரர் எழுதிய சாமான் பட்டியல் அது. தலைப்பில் மறுநாள் தேதி, 'ஏற்றிய நேரம் காலை 7.40', சூப்பர்வைசர் கையெழுத்து. 23ஆம் வரிசையில் 'கிச்சன் பெட்டி 4'. கோவையில் இறக்கும்போது மற்ற வரிசைகளுக்கெல்லாம் டிக் விழுந்திருக்கிறது. 23க்கு மட்டும் இல்லை. ஓரத்தில் டிரைவர் 'ஷார்ட் 1' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆக, சாவி அக்காவிடம் இருந்த ராத்திரி கழிந்த பிறகும் பெட்டி உங்கள் வீட்டில் இருந்திருக்கிறது. காலையில் லாரியிலும் ஏறியிருக்கிறது. தொலைந்தது வழியில். சாலைவழிச் சரக்குச் சட்டப்படி அதற்கு லாரிக்காரர்தான் பொறுப்பு, அவர் அசட்டையாக இருந்தார் என்று நீங்கள் நிரூபிக்கக்கூடத் தேவையில்லை. பெட்டி போவதற்கு முந்தின ராத்திரியே சங்கிலியை மட்டும் உருவியிருக்கலாமே என்பீர்கள். இருக்கலாம். அதற்கு என்ன சாட்சி? அவர் மருமகள் கழுத்தில் அதே மாதிரிச் சங்கிலியைப் பார்த்ததாக யாரோ சொன்னது சாட்சி ஆகாது.

இப்போது நான் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். இதே போன்ற ஒரு வழக்கில் என் கட்சிக்காரர் ஒருவர், என்னிடம் வருவதற்கு முன்பே கோபத்தில் ஸ்டேஷனுக்குப் போய் வாட்ச்மேன் மேல் புகார் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கியிருந்தார். பிறகு நுகர்வோர் ஆணையத்தில் லாரிக் கம்பெனி மேல் வழக்குப் போட்டோம். எதிர்த்தரப்பு வக்கீல் ஒன்றும் வாதாடவில்லை. அந்தப் புகாரின் நகலை நீட்டி, "வாட்ச்மேன் எடுத்தார் என்று மனுதாரரே சொல்கிறாரே, எங்களிடம் எதற்குக் கேட்கிறார்?" என்றார். நான் என்ன பதில் சொல்ல? மனு தள்ளுபடி. வாட்ச்மேன் விஷயமும் ஒன்றுமில்லாமல் போயிற்று. நீங்கள் குழுவில் போட்ட செய்தியும் அதே வேலையைச் செய்யும். லாரிக் கம்பெனிக்கு அதைவிட நல்ல எதிர்வாதத்தை அவர்கள் வக்கீலே எழுதிக் கொடுக்க முடியாது.

அது போக, அறுபது பேர் இருக்கும் குழுவில் ஒருவரைப் பெயர் சொல்லித் திருடி என்று எழுதுவது அவதூறு. பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறைக்கு இடமிருக்கிறது. நஷ்ட ஈடு கேட்டுத் தனியாக சிவில் வழக்கும் போடலாம். இதே சந்தேகத்தை நல்லெண்ணத்தோடு இன்ஸ்பெக்டரிடம் எழுதிக் கொடுத்தால் சட்டம் பாதுகாப்புத் தருகிறது, குழுவில் போட்டால் தருவதில்லை. அழித்துவிட்டேன் என்கிறீர்கள். யாராவது ஒருவராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார். அக்கா போனை எடுக்காததற்குக் காரணம் குற்றவுணர்ச்சி என்று நீங்கள் நினைக்கிறீர்கள். வக்கீல் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

அதனால் இன்றைக்கே அதே குழுவில் ஒரு வரி போடுங்கள்: 'பெட்டி லாரியில் ஏறியதற்குச் சீட்டு கிடைத்திருக்கிறது, முன்பு எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன், வருந்துகிறேன்.' விளக்கம், கண்ணீர், பழைய கதை எதுவும் வேண்டாம். கற்பூரச் சத்தியம் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். போலீஸுக்குப் போவதென்றால் 'லாரியில் ஏற்றிய பெட்டி ஒன்று வந்து சேரவில்லை' என்பதோடு நிறுத்துங்கள், யார் பெயரும் வேண்டாம்.

அடுத்தது பணம். நீங்கள் கட்டிய லாரி வாடகை 24,000. விதிப்படி வாடகையைப் போலப் பத்து மடங்கு வரைதான் லாரிக்காரர் பொறுப்பு. அதுவும் சீட்டில் நீங்கள் எழுதிய சாமான் மதிப்பைத் தாண்டக் கூடாது. இன்ஷூரன்ஸ் காசை மிச்சம் பிடிக்க மொத்த வீட்டுச் சாமானுக்கும் 60,000 என்று எழுதியிருக்கிறீர்கள். ஆணையம் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். சீட்டின் பின்பக்கம் 'நகை, பணம் பெட்டியில் வைக்கக் கூடாது, வைத்தால் பொறுப்பல்ல' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது. சங்கிலிக்கு பில் இல்லை, பெட்டிக்குள் வைத்ததைப் பார்த்தவரும் இல்லை. அந்த மூன்று பவுனுக்கு நம்பிக்கை தர என்னால் முடியாது.

கோவையிலேயே மாவட்ட ஆணையத்தில் மனுப் போடலாம், கட்டணமும் கிடையாது. ஆனால் பாத்திரத்துக்காக வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்து என்ன வாங்கப் போகிறீர்கள்? முப்பதாயிரம் கேளுங்கள், இருபத்தைந்துக்கு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். முழுத் தீர்வு என்று எழுதித்தான் கையெழுத்துக் கேட்பார்கள். பணம் வங்கிக் கணக்கில் விழுந்த பிறகு போடுங்கள்.

பேச்சு நடக்கிறதே என்று நோட்டீஸை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் லாரிக்காரர் மேல் வழக்கே போட முடியாது. கம்பெனிகள் சிரித்துப் பேசி இழுத்தடிப்பதே அந்த நாளைத் தாண்டத்தான். சாமான் வந்த தேதியிலிருந்து எண்ணி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில் புக்கிங் தேதி இல்லை. அட்வான்ஸ் அனுப்பிய ஜிபே ரசீதைத் தேடி எடுத்து, பத்திரமாக இருக்க அந்தத் தேதியிலிருந்தே எண்ணுங்கள். நோட்டீஸ் தபாலில், ஒப்புகையோடு போகட்டும். மஞ்சள் தாளின் நகலைத்தான் இணைக்க வேண்டும். மூலம் உங்கள் பீரோவை விட்டு வெளியே வரக் கூடாது.