டிசைன் தொகுப்பிலிருந்து சொந்தப் பின்னல்: நீலகிரிப் பின்னல்காரர்களின் கேள்வி பதில்

ஊட்டி: பின்னல் டிசைன் தொகுப்புப் புத்தகத்தில் ஒரு டிசைனுக்கு "8-இன் மடங்கு, கூட 3" என்று போட்டிருக்கிறது. என் ஸ்வெட்டருக்கு ஊசியில் எத்தனை கண்ணி (நூல் வளையம்) ஏற்றுவது, அக்கா?

மாதிரித் துண்டு பின்னாமல் இதற்குப் பதில் கிடையாதுங்க. டிசைன் மூன்று முறை வரட்டும், இரண்டு ஓரத்திலும் 3 கண்ணி வெறும் நிட் (நேர்க்கண்ணி): 24 + 3 + 6 = 33 கண்ணி. பின்னி, துவைத்து, காயவைத்து, ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் 10 செ.மீ. அளங்க. 22 கண்ணி வருகிறது, முன்பக்க அகலம் 48 செ.மீ. என்று வையுங்க. 22 × 4.8 = 105.6. அதற்குப் பக்கத்தில் பொருந்துவது 8 × 13 + 3 = 107. தையலுக்குப் பக்கத்துக்கு ஒன்று சேர்த்தால் 109.

"கூட 3" என்று போட்டிருக்கிற அந்த 3 கண்ணியை வேண்டாம் என்று விட்டுவிடாதீங்க. வலது ஓரத்தில் டிசைன் எப்படித் தொடங்குகிறதோ அப்படியே இடது ஓரத்தில் முடியத்தான் அது இருக்கிறது. வட்ட ஊசியில் தொப்பி பின்னும்போது மட்டும் அது தேவையில்லை, 8-இன் மடங்கு போதும்.

கோத்தகிரி: அமெரிக்கப் புத்தகத்தில் 8-ஆம் நம்பர் ஊசி என்றிருந்தது. அதே நம்பரில் பின்னினேன், துணி அட்டை மாதிரி விறைத்துவிட்டது.

அமெரிக்க 8 என்பது 5 மி.மீ. நம் கடைகளில் கிடைப்பது பழைய பிரிட்டிஷ் கணக்கு, அதில் 8 என்றால் 4 மி.மீ. பிரிட்டிஷ் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும் (10 என்றால் 3.25 மி.மீ.), அமெரிக்கக் கணக்கில் தடிக்கும். நம்பரை மறந்துவிட்டு மி.மீ. மட்டும் பாருங்க.

குன்னூர்: தேயிலைத் தோட்டச் சரிவு தெரிகிற மாதிரி ஒரு சால்வை பின்ன ஆசை. தொகுப்பில் இலை டிசைன்கள் நிறைய இருக்கின்றன. எதை எடுப்பது?

இலையை எடுக்காதீங்க. தூரத்திலிருந்து பார்க்கும்போது தோட்டத்தில் தெரிவது இலை அல்ல, வளைந்து போகிற வரிசைகளும் அவற்றுக்கு நடுவே உள்ள இருண்ட கோடும்தான். தொகுப்பைப் புரட்டும்போது படத்தின் பெயரைப் பார்க்காமல், அந்தத் துணி என்ன செய்கிறது என்று பார்க்கணும்: அலையாகிறதா, இழுத்துச் சுருங்குகிறதா, மேடு விழுகிறதா? உங்களுக்கு வேண்டியது அலையும் மேடும். ஷெட்லாந்து தீவுகளின் பழைய அலை டிசைனில் இரண்டும் இருக்கின்றன. 18 கண்ணி, 4 வரிசை:

1-ஆம் வரிசை முழுதும் நிட்.
2-ஆம் வரிசை முழுதும் பர்ல் (நிட்டுக்கு நேர்மாறான கண்ணி).
3-ஆம் வரிசை: இரண்டிரண்டாகச் சேர்த்து நிட், 3 முறை, நூலை முன்னே கொண்டுவந்து சுற்றி ஒரு நிட், 6 முறை, மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்து 3 முறை.
4-ஆம் வரிசை முழுதும் நிட்.

சால்வைக்கு 18 × 6 = 108, ஓரத்துக்கு மும்மூன்று நிட், மொத்தம் 114. 4 மி.மீ. ஊசியில் ஏறக்குறைய அரை மீட்டர் அகலம் வரும். ஏற்றும்போது மட்டும் 5 மி.மீ. ஊசி வையுங்க. ஓரம் இறுகினால் கீழே அலை எழும்பாது.

4-ஆம் வரிசை பின்பக்கத்தில் நிட் ஆவதால் முன்பக்கம் ஒரு மேடு விழும். அதுதான் உங்கள் தோட்டத்து வரிசைக் கோடு. இரண்டு மூன்று பச்சை வைத்திருந்தால் நிறத்தை 1-ஆம் வரிசையில்தான் மாற்றணும். 4-இல் மாற்றினால் மேட்டில் இரண்டு நிறமும் புள்ளி புள்ளியாகக் கலந்து தெரியும்.

3-ஆம் வரிசையில் ஒரு சுற்று விட்டுப்போவதுதான் எல்லோருக்கும் நேரும் தவறு. 18 கண்ணிக்கு ஒரு அடையாள வளையம் மாட்டி, அந்த வரிசை முடிந்ததும் ஒவ்வொரு பங்கிலும் 18 இருக்கிறதா என்று எண்ணுங்க. எட்டு வரிசைக்கு ஒருமுறை, 2-ஆம் வரிசை முடிந்தவுடன், கண்ணிகளுக்குள் மெல்லிய பருத்தி நூலைக் கோத்து விட்டால், பிரிக்க நேர்ந்தாலும் அதற்குக் கீழே போகாது.

அருவங்காடு: ஷேடட் உல்லனில் (நிறம் மாறி மாறி வரும் கம்பளி நூலில்) கேபிள் (கண்ணிகளை இடம் மாற்றிப் பின்னும் முறுக்கு டிசைன்) போட்டால் எடுபடுமா?

எடுபடாது. நிறமும் முறுக்கும் ஒன்றையொன்று அடித்துவிடும். அந்த நூலுக்கு ஒரு நிட், ஒரு பர்ல் மாற்றி மாற்றிப் போடும் புள்ளி டிசைன் நன்றாக இருக்கும். கேபிளுக்கு வெளிர் நிறத்தில், நன்கு முறுக்கிய ஒற்றை நிற நூல்.

கேத்தி: மூன்று டிசைனை ஒரே ஸ்வெட்டரில் பக்கம் பக்கமாக வைத்தேன். எந்த வரிசையில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

கண்ணிக் கணக்கைப் பார்த்திருப்பீங்க, வரிசைக் கணக்கை விட்டிருப்பீங்க. 10 வரிசை டிசைனும் 12 வரிசை டிசைனும் சேர்ந்தால் 60 வரிசைக்கு ஒருமுறைதான் இரண்டும் ஒன்றாகத் தொடங்கும். 4, 8, 16 என்று தேர்ந்தெடுத்தால் 16-இல் எல்லாம் சேர்ந்துவிடும், இரண்டு கையும் முன்பக்கமும் பொருந்தும். இன்னொன்று: கேபிள் துணியை இழுக்கும். கீழ் ரிப் (நிட்டும் பர்லும் மாறி வரும் ஓரப் பட்டை) முடிந்த வரிசையில் 6 கண்ணிக் கேபிள் ஒவ்வொன்றுக்கும் 1 அல்லது 2 கண்ணி கூட்டாவிட்டால் மார்பு இறுகும்.

ஊட்டி: நம் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் எம்பிராய்டரியைப் பார்த்து ஒரு பட்டை பின்னலாமா?

அதுவும் இழையை எண்ணிப் போடும் வேலை என்பதால் கட்டத்தாளில் ஏறும். ஆனால் பின்னல் கண்ணி சதுரம் அல்ல, உயரத்தைவிட அகலம் அதிகம். 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை வந்தால், 22-க்கு 22 கட்டம் 10 செ.மீ. அகலமும் 7.3 செ.மீ. உயரமுமாக நசுங்கும். மூன்று வரிசைக்கு ஒரு வரிசையைத் திரும்பப் பின்னினால் சரியாகும். ஒரே வரிசையில் சிவப்பும் கறுப்பும் வெள்ளையும் ஓடினால் துணி தடித்து விறைக்கும், வரிசைக்கு இரண்டு நிறம் போதும். பின்னால் 5 கண்ணிக்கு மேல் நூல் தாவினால் நடுவில் ஒரு பிணைப்பு போடுங்க, விரல் மாட்டாது.

தோடர் எம்பிராய்டரிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. விற்பதாக இருந்தால் உங்கள் பின்னலுக்கு அந்தப் பெயரை வைக்காதீங்க. அந்தப் பெயர் தோடர் பெண்களின் கைவேலைக்கு உரியது.

கோத்தகிரி: லேஸ் (ஓட்டை ஓட்டையாக வரும் டிசைன்) சால்வை பின்னி முடித்தும் கசங்கியே கிடக்கிறது.

கம்பளியா, அக்ரிலிக்கா என்பதுதான் கேள்வி. கம்பளி என்றால் வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, இழுத்துக் குண்டூசி குத்திக் காயவிடுங்க. ஓட்டைகள் திறந்துவிடும். உங்கள் பக்கம் ஐப்பசி மழையில் இரண்டு மூன்று நாள் ஆகலாம். அவசரப்பட்டுக் கணப்பு அடுப்புக்கு மேலே கட்டாதீங்க, புகை வாசனை ஏறி நிற்கும். முழுதும் காயுமுன் ஊசியை எடுத்தால் பழையபடி சுருங்கும்.

அக்ரிலிக் இப்படி நிற்காது. தொடாமல், ஒரு அங்குலம் மேலே பிடித்து ஆவி மட்டும் காட்டலாம். இஸ்திரிப் பெட்டி பட்டால் துணி துவண்டு, திரும்ப வராது. அதனால் முதலில் மாதிரித் துண்டில் காட்டிப் பாருங்க.