லேப்டாப்ல ஹெட்போன் சத்தம் சரியில்லையா? டாக் (DAC) வாங்கறதுக்கு முன்னாடி (கேள்வி-பதில்)

லேப்டாப்ல ஹெட்போன் மாட்டினா பாட்டு ஓடாதப்பவே உஷ்ஷ்னு ஒரு இரைச்சல், சார்ஜர் போட்டா கூடுது. சர்வீஸ்ல போர்டு மாத்தணும்ங்கறாங்க. வெளிய மாட்டற டாக் வாங்கினா சரியாகுமா?
— கோயம்புத்தூர்

பெரும்பாலும் சரியாகிடும், போர்டுக்குக் காசு குடுத்துடாதீங்க. ப்ராசசர், ஃபேன், சார்ஜிங் சர்க்யூட் எல்லாம் ஒரே போர்டுல நெருக்கியடிச்சு இருக்கறதால அதுங்களோட மின் இரைச்சல் பக்கத்துல போற ஆடியோ லைன்ல ஏறிடுது. டாக்ங்கறது டிஜிட்டல் பாட்ட ஹெட்போனுக்கான சிக்னலா மாத்தற சிப், அந்த வேலைய லேப்டாப் பெட்டிக்கு வெளிய கொண்டுபோனா இரைச்சல் ஏற வழி ரொம்பக் குறைஞ்சுடும். ஆனா மொதல்ல அதே ஹெட்போன வேற லேப்டாப்லயோ ஜாக் இருக்கற போன்லயோ மாட்டிக் கேளுங்க. அங்க சுத்தமா இருந்தா உங்க லேப்டாப் ஜாக்தான் குத்தவாளி, யுஎஸ்பில மாட்டற, உள்ள டாக் இருக்கற சின்ன டாங்கிள் ஒண்ணே போதும். அங்கயும் அதே கதைன்னா ஹெட்போன்தான் போயிருக்கு, டாக் வாங்கி ஒண்ணும் ஆகப்போறதில்ல.

4,500 ரூபாய்க்கு டாக் வாங்கினேன். என் ப்ளூடூத் ஹெட்போன்ல எந்த வித்தியாசமும் தெரியலையே?
— திருநெல்வேலி

தெரியாது. ப்ளூடூத் ஹெட்போனுக்குள்ளயே டாக் இருக்கு, நீங்க வாங்கினது வழியா பாட்டு போகவே இல்ல. இன்னைக்கே ரிட்டன் போடுங்க. நாலாயிரத்துச் சொச்சம் குடுக்கறதுக்கு முன்னாடி அது ஒயர் ஹெட்போனுக்கானதான்னு ஒரு தடவ படிச்சுப் பாத்திருக்கலாம்.

ஆன்லைன்ல 249 ரூபாய்க்கு சி டைப் டு 3.5 அடாப்டர் வாங்கினேன், லேப்டாப், மொபைல் எல்லாத்துலயும் வேலை செய்யும்னு போட்டிருந்தாங்க. பழைய போன்ல பாடுது, லேப்டாப்ல சத்தமே இல்ல. கவர் பிரிச்சாச்சு, ரிட்டன் கெடையாதுங்கறாங்க.
— சேலம்

உங்க மேல ஒரு தப்பும் இல்ல, இது சுத்தமான ஏமாத்து. இதுல ரெண்டு ஜாதி இருக்கு, வெளியப் பாத்தா ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கும். ஒண்ணுல டாக் சிப் இருக்கும், எதுல மாட்டினாலும் ஒரு சவுண்ட் கார்டா வேலை செய்யும். இன்னொண்ணுல வெறும் ஒயர்தான், சில போன்கள் சி டைப் போர்ட் வழியாவே அனலாக் ஆடியோவ, அதாவது ஹெட்போனுக்கான சிக்னலாவே மாத்தின பாட்ட, வெளிய அனுப்பும், அத ஜாக்குக்குக் கடத்தி விடறது மட்டும்தான் அதோட வேலை. லேப்டாப் அப்படி அனுப்பறது இல்ல, அதனாலதான் சத்தமில்ல. எனக்கும் ஒரு கடையில டாக்னு சொல்லி இதத்தான் குடுத்தாங்க, பிளேடால கீறிப் பாத்தா உள்ள மெல்லிசா சில ஒயர், சால்டர் பொட்டு, மேல பசை, அவ்ளோதான், சிப்ங்கற பேச்சுக்கே எடமில்ல. பெட்டில எம்ஆர்பி போடணும், இறக்குமதி பண்ணவங்க அட்ரஸ் போடணும், எந்த நாட்டுச் சரக்குன்னு போடணும்னு சட்டம் இருக்கு, ஆனா உள்ள டாக் இருக்கா இல்லையாங்கற ஒத்த வரியப் பல பேர் போடறதில்ல, வாங்கறவனுக்கு வேண்டியதே அந்த ஒத்த வரிதான்! இதப் பல வருஷமா சொல்லிக்கிட்டே இருக்கேன், இன்னும் அதே பெட்டி அதே மாதிரிதான் வருது.

இப்ப நீங்க செய்ய வேண்டியது: லிஸ்டிங்ல 'லேப்டாப்'னு போட்டிருக்கறத உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, நாளைக்கே மாத்திடுவாங்க. விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாத பொருளத் திருப்பி வாங்க மாட்டேன்னு விக்கறவங்க சொல்லக்கூடாது, 2020 இ-காமர்ஸ் விதிகள்ல தெளிவா இருக்கு, கவர் பிரிச்சதுங்கற சாக்கு அங்க எடுபடாது. அந்தத் தளத்தோட குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க, 48 மணி நேரத்துல புகார் வந்துச்சுன்னு ஒத்துக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். அசையலன்னா 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண். அதுக்கும் மேல போகணும்னா சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே கேஸ் போடலாம், விக்கறவன் டெல்லில இருந்தாலும் சரி, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது. 249 ரூபாய்தானேன்னு விட்டுடாதீங்க, எல்லாரும் விட்டுடுவாங்கன்னு தெரிஞ்சுதான் இத விக்கறாங்க.

அடுத்து வாங்கறப்ப கடையிலயே உங்க லேப்டாப்ல மாட்டிப் பாருங்க. சவுண்ட் செட்டிங்ஸ்ல புதுசா ஒரு யுஎஸ்பி ஆடியோ டிவைஸ் வந்தா உள்ள சிப் இருக்கு, வரலன்னா அப்படியே திருப்பிக் குடுத்துட்டு வந்துடுங்க.

பெட்டில 32 பிட் 384 கிலோஹெர்ட்ஸ்னு போட்ட டாக் வாங்கவா, 24 பிட் 96 போட்டது வாங்கவா? விலை மூணு மடங்கு வித்தியாசம்.
— திருச்சி

குறைஞ்சத வாங்குங்க. பிட், கிலோஹெர்ட்ஸ் ரெண்டும் டிஜிட்டல் பாட்டு எவ்ளோ நுணுக்கமா இருக்குங்கற கணக்கு. சிடியே 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ்தான், மனுஷக் காதுக்குக் கேக்கற 20 கிலோஹெர்ட்ஸ் அதுலயே அடங்கிடுது. பெட்டில பெருசா போட்ட நம்பர விட்டுட்டு அவுட்புட் எத்தன வோல்ட்னு தேடுங்க, அதப் போடாத கம்பெனிய நான் நம்பறதில்ல.

செகண்ட்ஹேண்ட்ல பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம் கெடச்சுது. லேப்டாப்ல வால்யூம் முழுசா வச்சும் பத்தல. ஹெட்போன் பழுதா?
— ஈரோடு

ரெண்டு பக்கமும் ஒரே அளவு சத்தம் வந்தா பழுதா இருக்காது, நல்ல ஹெட்போன் அது. ஓம்ங்கறது ஹெட்போனோட மின்தடை, 250 ஓம்னா வோல்டேஜ் கூட வேணும், பல லேப்டாப் ஜாக் 1 வோல்ட் சுத்திதான் தரும், அப்ப கெடைக்கறது 4 மில்லிவாட். 2 வோல்ட் தர்ற டாக்-ஆம்ப்ல (சிக்னல பெருசாக்கற ஆம்ப்ளிஃபயரும் சேந்த டாக்) மாட்டினா 16 மில்லிவாட், சத்தம் 6 டெசிபல் கூடும். காசு குடுத்து டாக் வாங்கறதுல நியாயம் இருக்கற கேஸ் உங்களோடதுதான். 32 ஓம் இயர்போன் வச்சிருக்கறவங்க இதப் படிச்சுட்டு ஆம்ப் வாங்க ஓடாதீங்க.

மீட்டிங்ல சேந்த உடனே ப்ளூடூத் ஹெட்செட் சத்தம் பழைய ரேடியோ மாதிரி ஆகிடுது. டாக் வேணுமா?
— தாம்பரம்

வேண்டாம், பத்து பைசா செலவில்ல. ஹெட்செட் மைக் ஆன் ஆனா ப்ளூடூத் போன் பேசற மோடுக்கு எறங்கிடும், சத்தமும் கூடவே எறங்கும். மீட்டிங் செட்டிங்ஸ்ல மைக்க லேப்டாப் மைக்குக்கு மாத்துங்க.

டாக் வாங்கி ரெண்டு மாசம் பெட்டியப் பிரிக்காம வச்சிருந்தேன், இன்னைக்குப் பாத்தா ஒரு பக்கம்தான் பாடுது. 7 நாள் ரிட்டனும் முடிஞ்சுபோச்சு, என்ன பண்றது?
— வேலூர்

வந்த அன்னைக்கே பிரிச்சிருந்தா இந்த லெட்டருக்கே வேலை இருந்திருக்காது. ஜாக்க முழுசா அழுத்தி மாட்டுங்க, சவுண்ட் செட்டிங்ஸ்ல இடது வலது பேலன்ஸ் பாருங்க, வேற ஹெட்போன் போட்டும் பாருங்க. அப்பவும் ஒரு பக்கம்தான்னா ரிட்டன்தான் முடிஞ்சிருக்கு, வாரன்டி பெரும்பாலும் இருக்கும், பில்லோட கம்பெனிக்கு எழுதுங்க.