பையன் விஎஃப்எக்ஸ் சூப்பர்வைசர் ஆகணும்னு சொல்றான், அனுப்பலாமா?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். விஎஃப்எக்ஸ் சூப்பர்வைசர் ஆகப்போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அது உண்மையில் என்ன வேலை? நம்பி அனுப்பலாமா?

அனுப்பலாம். விஎஃப்எக்ஸ் என்றால் விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமராவில் எடுத்த காட்சியில் கம்ப்யூட்டரால் சேர்ப்பதும் மாற்றுவதும். அந்த வேலையை முழுதாகத் திட்டமிட்டு மேற்பார்ப்பவர்தான் சூப்பர்வைசர். ஆனால் படித்து முடித்ததும் யாரையும் சூப்பர்வைசராக உட்கார வைக்க மாட்டார்கள். நான் சென்னையில் ரோட்டோ ஆர்ட்டிஸ்டாக (காட்சியிலிருந்து ஆளையோ பொருளையோ ஃபிரேம் ஃபிரேமாக வெட்டிப் பிரிப்பவர்) ஆரம்பித்து, தனித்தனியாக உருவானவற்றை ஒரே காட்சியாகச் சேர்க்கும் காம்போசிட்டிங் பக்கம் வந்து, பல வருஷம் கழித்துத்தான் நடுத்தர பட்ஜெட் படங்களுக்கு சூப்பர்வைசர் ஆனேன். ஏறக்குறைய எல்லோரும் இப்படி ஏதோ ஒரு பிரிவின் கீழ்ப்படியிலிருந்து வந்தவர்கள்தான்.

வேலை கம்ப்யூட்டரில் ஆரம்பிப்பதில்லை, கதையில் ஆரம்பிக்கிறது. 'ஊரே திரண்டு தேர் இழுக்கிறது' என்று திரைக்கதையில் ஒரு வரி இருக்கும். எழுதியவருக்கு அது ஒரு வரி. எனக்கு அது, நிஜ ஆட்கள் எத்தனை பேர், கேமரா நகருமா நிற்குமா, பகலா இரவா, புழுதி பறக்குமா, தேர் முழுதாகச் செய்கிறார்களா பாதிதானா என்று கேள்விகளாகப் பிரியும். இதையெல்லாம் கேட்டு, ஷாட் வாரியாகக் கணக்குப் போட்டு, இவ்வளவு ஆகும், இத்தனை மாதம் பிடிக்கும் என்று தயாரிப்பாளரிடம் சொல்ல வேண்டும். அவர் பாதியாகக் குறைக்கச் சொல்வார். எந்தப் பாதியை விட்டால் படம் தாங்கும் என்று சொல்லத் தெரிந்தவர்தான் நல்ல சூப்பர்வைசர்.

அப்புறம் ஷூட்டிங். அங்கே எங்கள் ஆளை அடையாளம் காண்பது சுலபம். ஷாட் ஓகே ஆனதும், லைட்டை அணைப்பதற்குள், ஒரு வெள்ளிப் பந்தையும் ஒரு சாம்பல் பந்தையும் தூக்கிக்கொண்டு கேமரா முன்னால் ஓடுவார். பார்க்க வேடிக்கையாக இருக்கும். வெள்ளிப் பந்தில் சுற்றியுள்ள விளக்குகள் எல்லாம் பிரதிபலிக்கும், சாம்பல் பந்தில் வெளிச்சமும் நிழலும் எப்படி விழுகின்றன என்று தெரியும். பிறகு உருவாக்கும் யானைக்கோ புலிக்கோ அதே வெளிச்சம் விழ வேண்டுமே, அதற்குத்தான். எந்த லென்ஸ், கேமரா எவ்வளவு உயரம், எவ்வளவு சாய்வு என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னணியை மாற்ற வேண்டிய ஷாட் என்றால் நடிகருக்குப் பின்னால் ஒரே நிறத் துணி கட்டுவோம், அந்த நிறத்தைக் கம்ப்யூட்டரில் நீக்கிவிடலாம். வாழைத்தோப்பில் எடுத்தால் பச்சைத் துணி ஆகாது, நீலம் கேட்க வேண்டும். கதாநாயகி நீலப் புடவையில் வந்தால் அன்றைக்குத் தலைவலிதான்.

இதையெல்லாம் விடக் கஷ்டமானது 'கிளீன் பிளேட்' வாங்குவது. நடிகர்கள் விலகிய பிறகு, வெற்று இடத்தை அதே கேமரா அசைவில் ஒருமுறை எடுத்து வைப்பது. இரண்டு நிமிஷ வேலை. ஆனால் வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும், உதவி இயக்குநர் கத்திக்கொண்டிருப்பார், யாராவது ஒருவர் "சிஜில (கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்ல) பாத்துக்கலாம் சார்" என்பார். நம் ஊர் சினிமாவில் அதிகம் செலவு வைத்த வாக்கியம் இதுதான் என்பது என் கருத்து. அந்த இரண்டு நிமிஷம் கிடைக்காவிட்டால், ஆளையோ கயிறையோ அழித்த இடத்தில் பின்னால் இருப்பதை ஒருவர் ஃபிரேம் ஃபிரேமாக வரைந்து நிரப்ப வேண்டும். விநாடிக்கு 24 ஃபிரேம், ஐந்து விநாடி ஷாட் என்றால் 120 ஃபிரேம். அங்கே சண்டை போடாமல், சிரித்துப் பேசியே அந்த இரண்டு நிமிஷத்தை வாங்கிவிடும் ஆள்தான் இந்த வேலையில் நிலைப்பார். உங்கள் மகனுக்கு மனிதர்களோடு பேச வருமா என்று பாருங்கள். சாஃப்ட்வேர் பிறகு வரும்.

'எக்ஸ் மெஷினா' படத்தில் உடம்பு பாதி கண்ணாடியாகத் தெரியும் ரோபோ பெண்ணைப் பச்சைத் திரை இல்லாமலேயே எடுத்தார்கள். நடிகை மற்றவர்களோடு சாதாரணமாக நடித்தார். பின்னால் இருப்பதைத் தெரியவைக்க வெற்று இடத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். 2016 ஆஸ்கரில் அதைவிடப் பல மடங்கு செலவு செய்த படங்களைத் தாண்டி அதற்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் விருது கிடைத்தது. சூப்பர்வைசர் ஆண்ட்ரூ வைட்ஹர்ஸ்ட். படப்பிடிப்பிலேயே சரியாக முடிவெடுத்ததற்கும் சேர்த்துத்தான் அந்த விருது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஷூட்டிங் முடிந்தால் மாதக்கணக்கில் இருட்டறை. தினமும் ஆர்ட்டிஸ்டுகள் செய்த ஷாட்களைத் திரையில் ஓடவிட்டுத் திருத்தம் சொல்ல வேண்டும். 'ஏதோ சரியில்லை' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நிழலின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, கறுப்பு அளவுக்கு மீறிக் கறுத்திருக்கிறதா, உருவத்துக்கு எடை இல்லையா என்று காரணத்தைச் சொல்பவருக்குத்தான் சம்பளம். ஹாலிவுட் விஎஃப்எக்ஸ் சூப்பர்வைசர் டென்னிஸ் மூரன் பல வருஷம் மினியேச்சர் மாடல்களைப் படம்பிடித்து வளர்ந்தவர். கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று புரிந்ததும் வேலைக்கு விடுப்புப் போட்டு, கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதன் பிறகுதான் 1993இல் 'ஜுராசிக் பார்க்' டைனோசர்கள் வந்தன. கருவி மாறினாலும் வெளிச்சத்தைப் பார்த்துப் பழகிய கண் அவரிடமே இருந்தது. நம் பக்கம் ஸ்ரீநிவாஸ் மோகனைப் பாருங்கள்: 'எந்திரன்', 'பாகுபலி' முதல் பாகம், 'ஆர்ஆர்ஆர்' மூன்றுக்கும் தேசிய விருது வாங்கியவர்.

சரி, கசப்பான பக்கம். பெரும்பாலும் ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டு வேலை எடுப்பார்கள். பிறகு இயக்குநர் எத்தனை முறை மனசு மாறினாலும் கூடுதல் காசு கிடைப்பது அபூர்வம். எனக்கே ஒரு படத்தின் கடைசித் தவணை இன்றுவரை வரவில்லை. பெரிய இடங்களிலும் இதே கதைதான். 'லைஃப் ஆஃப் பை' புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. அதே மாதம் அந்தப் படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் கிடைத்தது. சூப்பர்வைசர் பில் வெஸ்டன்ஹோஃபர் மேடையில் நிறுவனத்தின் நிலைமையைச் சொல்ல ஆரம்பித்ததும் இசையைப் போட்டு, மைக்கை அணைத்துவிட்டார்கள். 2025 பிப்ரவரியில் பல நாடுகளில் விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோ நடத்திய டெக்னிகலர் குழுமம் விழுந்தபோது பெங்களூரில் ஒரே வாரத்தில் ஏகப்பட்ட பேர் வேலை இல்லாமல் நின்றார்கள். பழகியவர்கள் சிலர் அன்றிரவே போனில் "உன்கிட்ட ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்கள். என்னிடம் இல்லை.

ஏஐ பற்றியும் கேட்பீர்கள். சூப்பர்வைசர் வேலையை அது இப்போதைக்கு எடுத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ரோட்டோ, பெயிண்ட் (வேண்டாததை அழித்து நிரப்புவது) வேலைகளை அது வேகமாகத் தின்கிறது. நாங்கள் எல்லாம் ஏறி வந்த முதல் படி அதுதான். ஒரு தலைமுடி ஃபிரேமுக்கு ஃபிரேம் எப்படி நகர்கிறது என்று நான் கற்றது அந்தச் சலிப்பான வேலையில்தான். அந்தப் படி இல்லாமல் அடுத்த சூப்பர்வைசர்கள் எங்கிருந்து வருவார்கள் என்பதற்கு எங்கள் துறையில் யாரிடமும் பதில் இல்லை.

படிப்பு என்றால், தரமணி எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது. தனியார் நிறுவனங்களை விடக் கட்டணம் மிகக் குறைவு, முதலில் அங்கே முயலட்டும். தனியாரில் சேர்த்தால், பணம் கட்டுவதற்கு முன் அங்கே படித்து முடித்தவர்களின் ஷோரீலை (அவர்கள் செய்த வேலைகளின் தொகுப்பு வீடியோ) கேளுங்கள். விளம்பர வீடியோவைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். சேரும்வரை ஒரு பழைய கேமரா வாங்கிக் கொடுங்கள். மேனுவல் மோடில் மட்டும் எடுக்கட்டும். உங்கள் வீட்டு முற்றத்தையே காலை, மதியம், சாயங்காலம் எடுத்து, நிழல் எங்கே விழுகிறது, என்ன நிறத்தில் இருக்கிறது என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் சலிக்காமல் செய்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், அவனிடம் நானே பேசுகிறேன்.