சரியும் தப்பும் ஊருக்கு ஊர் மாறுமா? கத்தோலிக்கத் திருச்சபை என்ன சொல்கிறது?

ஊர் வழக்கம்தானே சரி, தப்பைத் தீர்மானிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான், அதனால் தராசிலிருந்தே தொடங்குகிறேன்.

கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் கொஞ்சம் கழிப்பார்கள். எவ்வளவு என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறலாம். அதில் திருச்சபைக்குச் சண்டையில்லை. ஆனால் சாக்கின் எடை என்று சொல்லியே இரண்டு கிலோ கூடுதலாகக் கழித்து அமுக்கினால்? எல்லாத் தோட்டத்திலும் நடந்தாலும் அது களவுதான். வழக்கம் என்ற பெயர் அதைக் கழுவிவிடாது.

நன்மையைச் செய், தீமையை விலக்கு என்பது பைபிள் வாசிக்காதவரின் அறிவுக்கும் எட்டும் என்றார் 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தோமா அக்குவினாஸ். இயற்கைச் சட்டம் என்பது இதுதான். சில செயல்கள் எந்த நோக்கத்துக்காகச் செய்தாலும் தீயவையே என்று 1993இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (இரண்டாம் ஜான் பால்) தம் சுற்றுமடல் என்னும் போதனைக் கடிதத்தில் உறுதிப்படுத்தினார்.

சரி, சூழ்நிலைக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. அறியாமையும் பயமும் செய்தவரின் பொறுப்பைக் குறைக்கும், செயலை நல்லதாக்காது. பலர் கவனிக்காத ஒன்று: பசியால் சாகக் கிடப்பவர் பிறர் உணவை எடுத்தால் அது களவே அல்ல என்கிறார் அக்குவினாஸ். சட்டம் வளைந்ததால் அல்ல, பூமியின் பொருள் எல்லாருடைய தேவைக்கும் உரியது என்பதால்.