சாவியை எடுங்கள், சுரண்டிப் பாருங்கள்

வீடு: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் மகன் புரூக்ளினில் கவானஸ் கால்வாய்க்கு இரண்டு தெரு தள்ளி ஒரு செங்கல் வீடு பார்த்திருக்கிறான். 1890-களில் கட்டியதாம். இரு குடும்ப வீடு; மேலே அவன் இருந்துகொண்டு கீழ்ப் பகுதியை வாடகைக்கு விடுவதாகத் திட்டம். ‘முழுக்கப் புதுப்பித்தது’ என்கிறார் தரகர். உள்ளே செங்கல் சுவரைப் பூசாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் ஆலைகள் நிறைந்திருந்த இடமாயிற்றே, தைரியமாக வாங்கலாமா?
– ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: அம்மா, அந்த அழகான சுவரிலிருந்தே தொடங்குகிறேன். வீடு பார்க்க வருகிறவர்கள் மயங்குவது அங்கேதான். எனக்கோ அதைக் கண்டாலே சந்தேகம் வரும். அந்தக் காலத்துச் சூளையில் நெருப்பிலிருந்து தள்ளி இருந்த கற்கள் சரியாக வேகாது. வெளிறிய ஆரஞ்சு நிறத்தில் இருப்பதால் இங்கே ‘சால்மன்’ செங்கல் என்பார்கள். நன்றாக வெந்த கல் தெருவைப் பார்த்த முகப்புக்குப் போகும். அரைவேக்காடு உள்வரிசைக்குப் போகும். எப்படியும் மேலே பூச்சு வரப்போகிறது என்ற நம்பிக்கையில் வைத்த கல் அது. நூறு வருடம் கழித்து யாரோ அழகுக்காகப் பூச்சை உரித்துவிட்டால் கல்லும் உதிரும், சாந்தும் உதிரும், குளிர்காற்றும் வரும். சுவரோரம் தரையில் சிவப்புப் பொடி இருக்கிறதா என்று உங்கள் மகனைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். வீட்டைக் காட்டுவதற்கு முன் பெருக்கியிருப்பார்கள். அலமாரிக்குப் பின்னால் பெருக்கியிருக்க மாட்டார்கள்.

அடுத்து வெளிச்சுவர். இதில் நான் காசு கொடுத்துக் கற்ற பாடம் ஒன்று உண்டு. புரூக்ளினிலேயே ரெட் ஹுக் பகுதியில் நான் வீடு வாங்கியபோது பாலங்களுக்குக் கணக்குப் போடும் பொறியாளராக இருந்தேன். காங்கிரீட் தெரியும், சுண்ணாம்பு தெரியாது. கல்லிடுக்கில் சாந்து உதிர்கிறது என்று ஒரு ஒப்பந்தக்காரரை அழைத்தேன். அவர் பழைய சாந்தை மின்ரம்பத்தால் அறுத்தெடுத்துவிட்டு சாம்பல் நிற போர்ட்லாண்ட் சிமென்ட் கலவையை அடைத்தார். கோடு போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி சுவர் அவ்வளவு நேர்த்தி! நான்கு குளிர்காலம் போனது. கற்களின் முகம் அப்பளம் போலப் பெயர்ந்து நடைபாதையில் விழுந்தது. சிமென்ட் அசையவில்லை, கல்தான் போனது.

காரணம் எளிது. அன்றைய கல் மென்மையானது. அதைச் சேர்த்துப் பிடித்தது சுண்ணாம்புச் சாந்து. சுவரில் ஏறிய ஈரம் அந்த மென்மையான சாந்து வழியாகத்தான் வெளியேறும். இடுக்கைச் சிமென்டால் அடைத்தால் ஈரம் கல்லுக்குள் தங்கும், ஜனவரியில் உறையும், உறையும்போது விரியும், கல்லின் முகத்தைத் தள்ளிவிடும். சாந்து எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவையின் பழங்கட்டடப் பாதுகாப்புக் குறிப்பேடு தெளிவாகவே சொல்கிறது. நான் அதைப் படித்தது எல்லாம் முடிந்த பிறகு!

ஆகவே மகன் கையில் ஒரு சாவி இருக்கட்டும். மூலையில் ஓரிடத்தில் சாந்தை மெல்லச் சுரண்டட்டும். கோடு விழுந்து கொஞ்சம் மணலாக உதிர்ந்தால் நல்லது. கீறலே விழாமல் சாவி வழுக்கினால் சிமென்ட். பிறகு செங்குத்து இடுக்குகளைப் பார்க்கட்டும். மேலும் கீழும் உள்ள கற்களில் ரம்பம் பட்ட வெட்டு தெரிந்தால் அவசர வேலை. சுவர் முழுக்கச் சொரசொரவென்று, கல்லின் தோல் போனது போல இருந்தால் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெந்த தோல் போன கல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பரிகாரம் கிடையாது.

முகப்பில் நட்சத்திர வடிவ இரும்புத் தகடு இருந்தால் பயப்பட வேண்டாம். ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாகக் கட்டிய இந்த வகை வீடுகளில் தளத்தின் உத்தரங்கள் ஒரு பக்கத்துப் பொதுச்சுவருக்கும் எதிர்ப்பக்கப் பொதுச்சுவருக்கும் இடையே ஓடும். முன்சுவரை எதுவும் இழுத்துப் பிடிப்பதில்லை. அது மெல்ல வெளியே சாயும். உள்ளிருந்து கம்பி போட்டு இழுத்துக் கட்டியதன் அடையாளம் அந்தத் தகடு. சாய்வு தெரிந்தும் தகடு இல்லாவிட்டால்தான் கவலை. நிலவறையில் உத்தரத்தின் நுனி தெரிந்தால், அது சரிவாக வெட்டப்பட்டிருக்கிறதா பாருங்கள். தீப்பிடித்து உத்தரம் விழும்போது சுவரைப் பெயர்த்துக்கொண்டு விழக்கூடாது என்று செய்த ஏற்பாடு. எனக்கு அந்தச் சரிவைத் தடவிப் பார்ப்பதில் ஒரு அலாதி இன்பம்.

இனி நீங்கள் பயப்படும் விஷயம், மண். பயம் நியாயமானது. கரையோரம் நிலக்கரியிலிருந்து வாயு எடுத்த ஆலைகள் விட்டுச்சென்ற தார் கால்வாயின் அடியில் படிந்திருக்கிறது. 2010-ல் அதை, நச்சேறிய இடங்களைச் சுத்தம் செய்வதற்கான மத்திய அரசின் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்த்தார்கள். 2020 நவம்பரில் தூர்வாரல் தொடங்கியது. ஆனால் நீங்கள் கால்வாயில் குடியிருக்கப் போவதில்லை. நஞ்சு வீட்டுக்குள் வரும் வழி வேறு: உலோகம் கழுவவும் துணி வெளுக்கவும் பயன்பட்ட கரைப்பான்கள் மண்ணில் இறங்கியிருந்தால், அவற்றின் ஆவி நிலவறைத் தளத்தின் விரிசல் வழியே மேலே வரும். புரூக்ளினின் வடக்கே கிரீன்பாயிண்ட் பக்கம் மீக்கர் அவென்யூ பகுதி 2022-ல் இதற்காகவே அதே பட்டியலில் சேர்ந்தது. வாங்கும் முன் தளத்துக்குக் கீழே உள்ள காற்றையும் நிலவறைக் காற்றையும் எடுத்துச் சோதிக்கச் செய்யுங்கள். ஆவி இருந்தால் தளத்தடியிலிருந்து குழாய் போட்டு, விசிறியால் கூரைக்கு மேல் உறிஞ்சி வெளியேற்றலாம். செய்யக்கூடிய வேலைதான். பேரத்துக்கும் உதவும்.

வெள்ளத்தைப் பற்றியும் கேளுங்கள். 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயலில் என் நிலவறை முழுகியது. கால்வாய்ப் பக்கமும் தண்ணீர் ஏறியது. முன்பெல்லாம் விற்பவர் 500 டாலர் கழித்துக் கொடுத்துவிட்டு, வீட்டின் நிலையைச் சொல்லும் படிவத்தைத் தராமல் தப்பிக்கலாம். 2024 மார்ச்சிலிருந்து நியூயார்க்கில் அந்த வழி அடைபட்டுவிட்டது; வெள்ளக் கேள்விகளுக்கும் பதில் எழுதியாக வேண்டும். படிவத்தை வழக்கறிஞர் மட்டும் பார்த்தால் போதாது, மகனும் படிக்கட்டும்.

காகிதத்தில் ஒன்றே ஒன்று. 1938-க்கு முன் கட்டிய வீட்டுக்குக் குடியிருப்புச் சான்றிதழ் இல்லாமலே இருக்கலாம், அது குற்றமல்ல. அதற்குப் பதில் கட்டடத் துறையின் ‘ஆட்சேபணை இல்லை’ கடிதத்தில் இரு குடும்பம் என்று இருக்க வேண்டும். வாடகையை நம்பிக் கடன் வாங்குகிறவர் தரகர் வாய்மொழியை நம்பக்கூடாது.

வாங்கலாமா என்றால், சாந்து மென்மையாகவும் நிலவறைக் காற்று சுத்தமாகவும் இருந்தால் நான் வாங்குவேன்.

கேள்வி: எங்கள் வீட்டை ஒட்டிய பழைய கிடங்கை இடித்துவிட்டு உயரமான அடுக்ககம் கட்டப் போகிறார்கள். எங்கள் வீட்டுக்குள் அதிர்வைக் கண்காணிக்கும் கருவி பொருத்த அனுமதி கேட்கிறார்கள். மறுத்துவிடலாமா?
– ஒரு வாசகர், கவானஸ்

பதில்: மறுக்காதீர்கள் தம்பி. 2021-ல் நிலப் பயன்பாட்டு விதி மாறியதிலிருந்து உங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு பள்ளம். தோண்டுகிறவர்தான் தன் செலவில் பக்கத்து வீட்டைக் காக்க வேண்டும் என்று நகரக் கட்டட விதி சொல்கிறது. ஆனால் நீங்கள் உள்ளே விட்டால்தான் அவர் காக்க முடியும். வழக்கறிஞர் வைத்து அனுமதியை எழுத்தில் கொடுங்கள். வழக்கறிஞரின் கட்டணத்தை எதிர்த் தரப்பே தரட்டும் என்று கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். வேலை தொடங்கும் முன் வீட்டின் ஒவ்வொரு சுவரையும் தேதியோடு படமெடுக்கச் சொல்லி, ஒரு பிரதி வாங்கி வையுங்கள். இருக்கும் விரிசல்களின் மேல், அவை அகலுகின்றனவா என்று காட்டும் அளவுத் தகடு ஒட்டச் சொல்லுங்கள். முடி இழை விரிசலுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கதவு திடீரென்று சாத்த மறுத்தால் மட்டும் அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பழைய வீடு, கைக்குழந்தை இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் ஈயம் இருக்குமோ என்று பயம்.
– ஒரு வாசகி, சன்செட் பார்க்

பதில்: நியூயார்க் நகரம் ஈய இணைப்புக் குழாயைத் தடை செய்தது 1961-ல்; அதற்கு முன் கட்டிய வீட்டில் அது இருக்கலாம். தெருக் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பு வீட்டுக்காரருடையது, நகரத்துடையதல்ல. நகரத்தின் உதவி எண்ணான 311-க்குச் சொன்னால் சோதனைப் புட்டிகளை இலவசமாக அனுப்புவார்கள். இரவு முழுக்கக் குழாயைத் திறக்காமல் காலையில் முதல் தண்ணீரைப் பிடியுங்கள். முடிவு வரும்வரை குழந்தைக்குப் பால் கரைக்க வேறு தண்ணீர். இதற்கிடையில் நிலவறையில் மீட்டருக்கு முன்னால் இருக்கும் குழாயைச் சாவியால் லேசாகச் சுரண்டுங்கள். வெள்ளி போலப் பளபளத்து, காந்தமும் ஒட்டாவிட்டால் ஈயம்.