கேட்டதும் சொன்னதும்: ஆற்றையும் முகத்தையும் வரைந்தால்

மெக்சிகோவில் அந்தக் காலத்தில் ஆண்ட அஸ்டெக் மக்கள் ஆட்பெயர்களைப் படமாக எழுதினார்கள் என்கிறான் என் மகன். பாம்பை வரைந்தால் பாம்பு என்றுதானே தெரியும்? அது எப்படி ஒருவர் பெயராகும்?
*- வாசகி, கல்லிடைக்குறிச்சி*

பெயரிலேயே பாம்பு இருந்தால் ஆகும், அம்மா. அவர்களுடைய நாவாட்டில் மொழியில் பெயர்கள் பெரும்பாலும் பொருள் விளங்கும் சொற்கள். 1440 வரை ஆண்ட இட்ஸ்கோவாட்ல் என்ற அரசரின் பெயருக்கு 'எரிமலைக் கண்ணாடிப் பாம்பு' என்று பொருள். முதுகில் கண்ணாடிக் கத்திகள் முளைத்த பாம்பை வரைந்தார்கள். அவருக்கு முன் ஆண்டவர் சிமல்போபோகா, 'புகையும் கேடயம்'. கேடயத்திலிருந்து புகை சுருண்டு எழும்.

இதுவரை எளிது. ஆனால் வேறொரு சுவடியில் இட்ஸ்கோவாட்ல் என்ற அதே பெயருக்குக் கத்தி, பானை, தண்ணீர் என மூன்று படங்கள் உண்டு. பாம்பையே காணோம்! கத்திக்கு 'இட்ஸ்', பானைக்கு 'கோ', தண்ணீருக்கு 'ஆ'. பொருளை விட்டுவிட்டு ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் படம் எழுத்தாகிவிடுகிறது.

சேரன்மகாதேவியில் எங்கள் வேட்டிகளுக்குச் சலவைக்காரர் சேங்கொட்டையால் குறி போடுவார். மூன்று புள்ளி, ஒரு கோடு. எந்த வீட்டுத் துணி என்று அது சொல்லும். பெரியப்பா ஆறுமுகத்தின் பெயரைச் சொல்லாது. பெயரைச் சொல்ல வேண்டுமானால் என்ன வரைவது? ஆறு தலை வரைவதற்குள் கை ஓய்ந்துவிடும். ஓர் ஆற்றையும் ஒரு முகத்தையும் வரைந்தால் 'ஆறுமுகம்' என்று வாசித்துவிடலாம். முருகனுக்கும் தாமிரபரணிக்கும் சம்பந்தம் வேண்டாம். ஒலி பொருந்தினால் போதும்.

வேடிக்கை இனிமேல்தான். 1469 முதல் 1481 வரை ஆண்ட ஆஷாயாகாட்ல் என்பவரின் பெயரில் இருப்பவை நீரும் முகமும்தான். நீர் வழியும் முகமே அவருடைய குறி. பெரியப்பாவின் படத்தை அந்த நாட்டு எழுத்தரிடம் நீட்டியிருந்தால் மாமன்னர் பெயர் என்று எழுந்து நின்றிருப்பார். இதைக் கேட்கப் பெரியப்பா இல்லையே என்று இருக்கிறது.

நட்சத்திரம் பார்த்துப் பெயர் வைக்கும் வழக்கம் அவர்களுக்கும் உண்டா?
*- வாசகர், அம்பாசமுத்திரம்*

நட்சத்திரம் அல்ல, நாள். 20 குறிகள், 13 எண்கள், மொத்தம் 260 நாள் கொண்ட சுற்று. பிறந்த நாளே பெயரும் ஆகும். 'ஒன்று நாணல்' என்றால் நாணலும் ஒரு புள்ளியும்.

ஸ்பானியர் வந்ததும் இதெல்லாம் நின்றுபோனதா?
*- வாசகர், பாளையங்கோட்டை*

உடனே இல்லை. தலைநகர் 1521இல் வீழ்ந்தது. ஆனால் 1560இல் வெஹோட்சிங்கோ பகுதியில் எடுத்த கணக்கெடுப்பில் ஆயிரக்கணக்கானோரின் பெயர்கள் படங்களாகவே இருக்கின்றன. அந்தச் சுவடி இப்போது பாரீஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. வந்தவர்களின் பெயரையும் விடவில்லை. மெண்டோசா என்ற ஆளுநருக்கு ஒரு கற்றாழையும் வளை தோண்டும் எலி போன்ற ஒரு பிராணியும். கற்றாழை 'மெட்ல்', பிராணி 'தோசான்'. நம் ரயில் பாதையோரம் நிற்கும் ஆனைக்கற்றாழையின் இனம்தான் அது. ஒலி அரைகுறைதான், ஆனாலும் ஆளுநர் வந்துவிட்டார்.

திருநெல்வேலியை எப்படி எழுதியிருப்பார்கள்?
*- அதே வாசகர்*

நெல்லைச் சுற்றி வேலி. நெல்லையப்பர் கதையே படமாகிவிடும். தென்காசிக்குத்தான் தேன்கூட்டையும் காசையும் தேட வேண்டியிருக்கும்.